நான்கு நாற்காலிகளும் ஓர் எண்ணும்: உறக்கக் கோளாறு ஆய்வைத் திட்டமிடுவதில் பொதுமக்களின் இடம்

1. கேள்வி

1993 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு சட்டம் கையெழுத்தானது. தேசிய சுகாதார நிறுவனங்களைச் சீரமைப்பதற்கான அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு, உறக்கக் கோளாறுகளுக்கென்று தனி ஆய்வு மையம் ஒன்றை ஏற்படுத்தியது. மையத்துக்கு ஆலோசனைக் குழு ஒன்று வேண்டும். அதில் அரசு ஊழியர் அல்லாத 12 பேர் இருக்க வேண்டும். எட்டுப் பேர் மருத்துவ, அறிவியல் துறைகளைச் சேர்ந்தவர்கள். மற்ற நால்வர் உறக்கக் கோளாறு உள்ளவர்களின், அதற்குச் சிகிச்சை பெறுகிறவர்களின் நலனுக்காகப் பேச வேண்டியவர்கள். இந்தக் கணக்கைச் சட்டமே வகுத்துக் கொடுத்தது. அதிகாரிகளின் தயவில் விடவில்லை.

அந்த நான்கு நாற்காலிகளும், பின்னர் வந்த மற்ற ஏற்பாடுகளும் ஆய்வின் போக்கில் எதை மாற்றின என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மக்களைக் கூப்பிட்டுப் பேசவைப்பது ஒன்று, அந்தப் பேச்சினால் ஒரு முடிவு மாறுவது வேறு. இரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் வேண்டும். ஒரு சிகிச்சை வென்றதா தோற்றதா என்று தீர்மானிக்கும் முதன்மை அளவீட்டையே உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன். எதை அளப்பது என்று முடிவானதும் யாரைச் சேர்ப்பது, எத்தனை நாள் கவனிப்பது, எதைப் பயன் என்று எழுதுவது எல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடுகின்றன.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறக்க மூச்சுத்தடை நோயில் மக்கள் குரல் முதன்மை அளவீட்டை எட்டவில்லை. நார்கோலெப்சி என்ற பகல்தூக்க நோயில் ஓரளவு எட்டியது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கூட்டங்கள் நடத்தப்பட்ட விதத்தில் இல்லை. நோயின் நிகழ்வுகளை எண்ணும் வேலை தொடக்கத்திலிருந்தே யார் கையில் இருந்தது என்பதில் இருக்கிறது.

2. சாட்சியாக வந்தவர் உறுப்பினரானது

உறக்கத்தை மருத்துவத் துறையாக வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் டிமென்ட். 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் உறக்கக் கோளாறு ஆய்வுக்கான தேசிய ஆணையத்துக்கு வழிசெய்தபோது அவரே அதற்குத் தலைவரானார். ஆணையம் பல ஊர்களில் பொது விசாரணை நடத்தியது. நோயாளிகளும் குடும்பத்தாரும் ஆய்வாளர்களும் வந்து பேசினார்கள். 1993 ஜனவரியில் வந்த அறிக்கை, சுமார் 4 கோடி அமெரிக்கர்கள் நாள்பட்ட உறக்கக் கோளாறுகளுடன் வாழ்வதாகவும், அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் கண்டறியப்படவே இல்லை என்றும் சொன்னது. தனி மையம் வேண்டும் என்ற அதன் பரிந்துரை அதே ஆண்டில் சட்டமாயிற்று.

இந்த வரலாற்றில் நோயாளி முதலில் சாட்சியாகத்தான் வருகிறார். பணம் ஒதுக்குகிறவர்களின் மனத்தை அசைப்பதற்கு அவருடைய கதை தேவைப்பட்டது. சாலையில் கண்ணயர்ந்தவரின் கதையும் வகுப்பறையில் சோம்பேறி என்று பெயர் வாங்கிய மாணவரின் கதையும் செய்யும் வேலையை எந்தப் புள்ளிவிவரமும் செய்யாது. டிமென்ட் இதை நன்றாக அறிந்தவர். ஆனால் சாட்சிக்கும் திட்டமிடுகிறவருக்கும் வேலை வேறு. சாட்சி ‘எனக்கு என்ன நடந்தது’ என்று சொன்னால் போதும். திட்டமிடுகிறவர் ‘அடுத்து எதை ஆராய வேண்டும், எதை இப்போதைக்கு விட்டுவிடலாம்’ என்று சொல்லியாக வேண்டும். சட்டம் நான்கு பேரைச் சாட்சிக் கூண்டிலிருந்து மேசைக்கு அழைத்து வந்தது. எந்த அளவுக்கு அதிகாரத்தோடு என்பதுதான் கேள்வி.

அதிகாரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆலோசனைக் குழுக்கள் பற்றிய 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டங்கள் பொதுவாகத் திறந்திருக்க வேண்டும், அரசிதழில் முன்னறிவிப்பு வர வேண்டும், வெளியார் எழுத்தில் கருத்துத் தரலாம். இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால் உறக்க ஆய்வுத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு நிறுவன இயக்குநருடையது. குழுவை அவர் கலந்தாலோசிக்க வேண்டும், அவ்வளவுதான். 1996, 2003, 2011, 2021 என்று நான்கு முறை தேசியத் திட்டம் வெளிவந்திருக்கிறது. அவற்றின் பரப்பு மிக அகலம்: உடலின் கடிகாரம், மரபணு, குழந்தைகள், முதியோர், இரவுப்பணி, சமூக ஏற்றத்தாழ்வு என்று விடுபட்டதே இல்லை. எல்லாவற்றுக்கும் இடமிருக்கும் ஆவணத்தில் நோயாளியின் கோரிக்கை ஒன்றைச் சேர்ப்பது எளிது. அதனாலேயே அந்தச் சேர்க்கையைப் பெரிய வெற்றியாகக் கருத எனக்குத் தயக்கம். எந்த ஆய்வுக்குப் பணம் என்பது விண்ணப்பங்களை மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் அறிவியலாளர் குழுக்களில் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. நான்கு நாற்காலிகளும் அந்த அறையில் இல்லை.

3. முந்தைய ஆய்வுகளும் உறக்கத்தின் தனிச் சிக்கலும்

மக்கள் பங்கேற்பைப் படிநிலைகளாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நகரத் திட்டமிடலிலிருந்து வந்தது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் வரைந்த எட்டுப் படி ஏணியின் கீழ்ப்படிகளில் மக்களைச் சமாளித்து அனுப்பும் உத்திகள் இருக்கின்றன, மேற்படியில் அவர்களே முடிவெடுக்கிறார்கள். மருத்துவ ஆய்வில் இந்த விவாதத்துக்கு வலுவான சான்று 2000-ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வந்தது. முழங்கால் மூட்டுத் தேய்மானம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மருந்தையும் அறுவைச் சிகிச்சையையும் சுற்றியிருக்க, நோயாளிகள் கேட்டதோ வேறு: உடற்பயிற்சி, நோயோடு வாழ்வதற்கான வழிகாட்டல், எந்தச் சிகிச்சை எப்போது என்ற தெளிவு.

பங்கேற்பினால் என்ன பயன் என்று அளந்தவர்களும் உண்டு. 2018-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட தொகுப்பாய்வு, பொதுமக்களை ஈடுபடுத்திய சோதனைகளில் ஆட்கள் சேர்வதற்கான வாய்ப்பு விகிதம் 1.16 மடங்கு என்று கண்டது. அந்த நோயை அனுபவித்தவர்களே ஈடுபட்டிருந்தால் பயன் இன்னும் கூடியது. மிதமான பலன்தான், மறுக்க முடியாது. ஆனால் அளக்கப்பட்டது எது என்று பாருங்கள். ஆய்வாளர் ஏற்கெனவே தீர்மானித்த சோதனைக்கு ஆள் திரட்டுவதில் மக்கள் எவ்வளவு உதவினார்கள் என்பதே அது. அவர்கள் சோதனையின் கேள்வியை மாற்றினார்களா என்பதற்கு எண் கிடைப்பது கடினம். மாறிப்போன கேள்வியின் பழைய வடிவத்தை யாரும் பதிப்பிப்பதில்லை.

உறக்கக் கோளாறுகளுக்கு வந்தால் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. மற்ற நோய்களில் வலிக்கிறவர் நோயாளி, வலிக்கிறது என்று சொல்கிறவரும் அவரே. உறக்கத்தில் நிகழ்வதை நோயாளி பார்ப்பதில்லை. மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்துப் பயந்து எழுப்புகிறவர் மனைவி. காலையில் ‘நன்றாகத்தானே தூங்கினேன்’ என்கிறவர் கணவர். நோயை நேரில் அறிந்தவர் யார்? இரவைப் பொறுத்தவரை பக்கத்தில் படுத்திருப்பவர், பகலைப் பொறுத்தவரை நோயாளி. பொதுமக்கள் பிரதிநிதி என்று ஒருவரை மட்டும் அழைத்தால் பாதிச் செய்தி வெளியே நின்றுவிடும்.

4. எண்ணின் ஆட்சி

உறக்க மூச்சுத்தடையைக் கண்டறியும் இரவு இப்படிப் போகும். தலையில் மின்முனைகள், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், மூக்கடியில் காற்றோட்டத்தை உணரும் குழாய், விரல் நுனியில் ஆக்சிஜன் அளவி. மறுநாள் தொழில்நுட்பர் பதிவைத் திரையில் ஓடவிட்டு, பத்து நொடிக்குக் குறையாமல் மூச்சு நின்ற இடங்களையும் கணிசமாகத் தளர்ந்த இடங்களையும் குறிப்பார். அவற்றின் கூட்டுத்தொகையை உறங்கிய மணிநேரத்தால் வகுத்தால் ஒரு குறியீட்டு எண் கிடைக்கும். 5-க்குக் கீழ் இயல்பு, 15-க்கு மேல் மிதமான நோய், 30-க்கு மேல் கடுமை.

கேட்பதற்கு உறுதியான எண்ணாகத் தோன்றும். ஆனால் ‘மூச்சுத் தளர்வு’ எது என்பதிலேயே இரண்டு விதிகள் இருக்கின்றன. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2012-இல் பரிந்துரைத்தபடி, ஆக்சிஜன் 3 விழுக்காடு இறங்கினாலோ மூளை சற்றே விழித்துக்கொண்டாலோ அது கணக்கில் சேரும். அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், 4 விழுக்காடு இறங்கினால்தான் ஏற்கும். ஒரே ஆளின் ஒரே இரவுப் பதிவு ஒரு விதிப்படி நோய், மற்றொரு விதிப்படி நோயில்லை. ஆக்சிஜன் அதிகம் இறங்காமலேயே தூக்கம் துண்டுதுண்டாக உடைந்துபோகும் பெண்களும் இளவயதினரும் இரண்டாவது விதியில் விடுபட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். மூன்றா நான்கா என்ற இந்தச் சண்டை வல்லுநர் சங்கத்துக்கும் காப்பீட்டுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அதன் முடிவு யாருடைய தலையில் விடியுமோ அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எண் இவ்வளவு முக்கியமாக இருப்பதில் தவறென்ன என்று கேட்கலாம். எண்ணுக்கும் நோயாளியின் பகலுக்கும் உள்ள தொடர்பு மிகத் தளர்வானது. குறியீடு 40 உள்ளவர் சுறுசுறுப்பாகத் திரிவதும் 12 உள்ளவர் மேசையில் சாய்ந்து தூங்குவதும் உறக்க மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பவை.

இந்த இடைவெளி வெளிப்படையாகத் தெரிந்தது 2016-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட ‘சேவ்’ சோதனையில். இதய நோயோ மூளை இரத்தக்குழாய் நோயோ உள்ள, மிதமான அல்லது கடும் மூச்சுத்தடை கொண்ட 2,717 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஏழு நாடுகள், 89 மையங்கள். இந்தியாவும் அவற்றில் உண்டு. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு, முகமூடி வழியே அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி மூச்சுவழியைத் திறந்துவைக்கும் சி-பாப் கருவியும் தரப்பட்டது. சராசரியாக 3.7 ஆண்டுகள் கவனித்த பிறகு, மாரடைப்பும் பக்கவாதமும் போன்ற நிகழ்வுகள் கருவி பெற்றவர்களில் 17.0 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 15.4 விழுக்காட்டினருக்கும் வந்திருந்தன. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை. செய்தித்தாள்களில் சி-பாப் இதயத்தைக் காக்கவில்லை என்று தலைப்பு வந்தது.

அதே கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. கருவி பெற்றவர்களுக்குப் பகல்தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. இவை இரண்டாம் நிலை விளைவுகள். தூக்க மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் ஒருவரிடம் எது வேண்டும் என்று கேட்டால் இவற்றைத்தான் முதலில் சொல்வார். கருவியைச் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே போட்டிருந்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது. ஏன் கழற்றினார்கள் என்பது தனி ஆய்வாக நடந்திருக்க வேண்டிய கேள்வி.

சோதனையில் சேர்க்காமல் விடப்பட்டவர்களின் பட்டியலைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பகல்தூக்கம் மிகக் கடுமையாக உள்ளவர்களையும், தூக்கத்தால் விபத்து நேரும் ஆபத்துள்ளவர்களையும் சேர்க்கவில்லை. காரணம் நியாயமானது: அப்படிப்பட்டவருக்குப் பல ஆண்டுகள் கருவி கொடுக்காமல் இருப்பது அறமல்ல. விளைவு என்னவென்றால், பொதுக் கூட்டத்துக்கு வந்து பேசக்கூடியவர்கள் யாரோ அவர்கள் சோதனைக்கு வெளியே. நோயால் பெரிதாக அவதிப்படாதவர்களின் உடலிலிருந்து எடுத்த விடை எல்லோருக்குமான விடையாகச் சுற்றுகிறது. திட்டமிடும்போதே நோயாளிகள் உடனிருந்தால் இந்த அறச்சிக்கல் தீர்ந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. முடிவை எழுதும்போது இந்த எல்லையைத் தலைப்புக்கு அருகிலேயே போடச் சொல்லி ஒருவராவது சண்டை போட்டிருப்பார்.

அமெரிக்கச் சுகாதார ஆய்வு முகமை ஒன்று 2022-இல் முடித்த மதிப்பீட்டறிக்கை இன்னும் கறாரானது. குறியீட்டு எண் குறைந்தால் நீண்டகால நலன் கூடும் என்று கொள்வதற்குப் போதிய சான்று இல்லை என்று அது கூறியது. உறக்க மருத்துவர்கள் கொதித்தார்கள். என் பார்வையில் அது எண்ணின் ஆட்சியை உள்ளிருந்தே கேள்வி கேட்ட ஆவணம்.

ஆனாலும் ஆட்சி தொடர்கிறது. 2018 ஜூனில் அமெரிக்க மூச்சுத்தடை நோயாளர் சங்கம், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் நடைமுறையை ஒட்டி ஒரு கூட்டம் நடத்தி, நோயாளிகள் தங்கள் வாழ்க்கையை அதிகாரிகள் முன்னால் நேரடியாக விவரிக்க வழிசெய்தது. ஆறு ஆண்டு கழித்து, 2024 டிசம்பரில், இந்நோய்க்கான முதல் மருந்தாக டிர்செபடைடு அனுமதி பெற்றது. உடல்பருமனும் கூடவே இருப்பவர்களுக்கான மருந்து அது. அனுமதிக்கு அடிப்படையான இரு சோதனைகளின் முதன்மை அளவீடு எது? மணிக்கு எத்தனை தடை என்ற அதே எண். மருந்து பெற்றவர்களுக்கு அது 25 முதல் 29 வரை இறங்கியது, மற்றவர்களுக்குச் சுமார் 5. உறக்கம் எப்படி இருந்தது, பகல் எப்படிப் போனது என்று நோயாளிகளே நிரப்பிய வினாத்தாள்கள் இரண்டாம் நிலைப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே அவற்றுக்கு மதிப்புண்டு, கண்டிப்பாகக் கணக்கில் வந்தன. கால் நூற்றாண்டுக்கும் மேலான உழைப்புக்குப் பிறகு நோயாளியின் சொல் வந்தடைந்திருக்கும் இடம் அது.

5. நார்கோலெப்சி: எண்ணியவர் நோயாளி

மூளையில் விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஓரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால் நார்கோலெப்சியின் முதல் வகை வருகிறது. இது 2000-ஆம் ஆண்டில் உறுதியானது, நோயாளிகள் இறந்தபின் கிடைத்த மூளைகளை ஆராய்ந்ததன் வழியே. பகலில் அடக்க முடியாத தூக்கம் ஒருபுறம். சிரிக்கும்போதோ வியக்கும்போதோ திடீரென முழங்கால் தளர்ந்து சரியும் காட்டாப்ளெக்சி மறுபுறம். நினைவு தப்பாது, உடல் மட்டும் கைவிடும்.

எந்தக் கருவியும் வீட்டில் இருந்து எண்ண முடியாத நிகழ்வு அது. ‘இந்த வாரம் எத்தனை முறை’ என்று நோயாளி நாட்குறிப்பில் எழுதுவதே வழி. ஆகவே மருந்துச் சோதனைகளின் முதன்மை அளவீட்டில் நோயாளியின் கையெழுத்து ஆரம்பத்திலிருந்தே இருந்தது. மூச்சுத்தடையில் நிகழ்வின்போது நோயாளி தூங்கிக்கொண்டிருந்தார், எண்ணிக்கை கருவிக்குப் போயிற்று. இங்கே நிகழ்வின்போது அவர் விழித்திருந்தார்.

எஃப்.டி.ஏ. 2012-ஆம் ஆண்டுச் சட்டப் புதுப்பிப்பின் கீழ் நோய் நோயாக எடுத்து நோயாளிகளைச் சந்திக்கத் தொடங்கியபோது, தொடக்கத்திலேயே, 2013 செப்டம்பர் 24 அன்று, நார்கோலெப்சிக்குக் கூட்டம் நடந்தது. மருத்துவர்கள் எதிர்பார்த்த இரண்டு அறிகுறிகளோடு, மூளையில் மூட்டம் படிந்ததுபோல் யோசனை மந்தமாவதையும், இரவில் தூக்கம் உடைவதையும், வேலையிலும் படிப்பிலும் நேரும் இழப்பையும் நோயாளிகள் முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டு அறிக்கை வந்தது.

இங்கே ஒரு மருந்தை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 2002-இல் அனுமதி பெற்ற சோடியம் ஆக்சிபேட் திரவம் பகல்தூக்கத்துக்கும் காட்டாப்ளெக்சிக்கும் நல்ல மருந்து. ஆனால் உடலில் விரைவாகக் கரைந்துபோகும். அதனால் படுக்குமுன் இரண்டு வேளைக்கான மருந்தையும் அளந்து, தனித்தனிக் குப்பிகளில் தண்ணீர் கலந்து கட்டிலருகே வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முதல் குப்பியைப் படுக்கையில் உட்கார்ந்தபடியே குடித்துவிட்டு உடனே படுத்துவிட வேண்டும், ஏனென்றால் தூக்கம் சில நிமிடங்களில் அடித்துப்போடும். இரண்டரை முதல் நான்கு மணி நேரத்துக்குள் அலாரம் வைத்து எழுந்து இரண்டாவது குப்பி. எழுப்புவதற்கு வீட்டில் இன்னொருவர் இல்லையென்றால் அலாரத்தைத் தாண்டித் தூங்கிவிடும் ஆபத்து. தூக்கம் சிதறும் நோய்க்கான மருந்து, இரவு தவறாமல் தூக்கத்தைக் கலைக்கச் சொன்னது.

2023 மே மாதம் இதே மருந்தின் ஒருவேளை வடிவம் அனுமதி பெற்றது. அமெரிக்க அரிய நோய் மருந்துச் சட்டப்படி, முன்பு அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு ஏழு ஆண்டுத் தனியுரிமை உண்டு. அதே மூலப்பொருள் கொண்ட இன்னொரு மருந்து அதைத் தாண்டி வர வேண்டுமானால் மருத்துவ ரீதியில் மேம்பட்டது என்று நிரூபிக்க வேண்டும். புதிய மருந்து கூடுதலாக நோயைக் குணப்படுத்தியது என்று யாரும் சொல்லவில்லை. நடு இரவில் எழ வேண்டியதில்லை என்பதையே நோயாளி நலனுக்கான பெரும் பங்களிப்பு என்று எஃப்.டி.ஏ. ஏற்றுக்கொண்டது. இதை எதிர்த்துப் பழைய நிறுவனம் வழக்குப் போட்டது, நீதிமன்றம் எஃப்.டி.ஏ.வின் பக்கம் நின்றது.

2013 கூட்டத்தின் நேரடி விளைவு இது என்று காட்டிவிட முடியாது. கூட்டம் முந்தியது, மருந்து பிந்தியது என்பதை மட்டும் வைத்துக் காரணகாரியம் கட்டக் கூடாது. புதிய நிறுவனத்துக்குப் பெரும் வணிக லாபக் கணக்கு இருந்தது. அதன் சோதனையும் வழக்கமான அளவீடுகளையே முதன்மையாக வைத்தது. நான் குறிப்பிட விரும்புவது வேறு. நோயோடு வாழ்வதன் சிரமம் ஒன்று, சட்ட எடை கொண்ட சான்றாக, தனியுரிமை ஒன்றை உடைக்கும் அளவுக்கு ஏற்கப்பட்டிருக்கிறது. மூச்சுத்தடையில் முகமூடியின் சிரமத்துக்கு அப்படியொரு இடம் கிடைக்கவில்லை. அங்கே முகமூடியைக் கழற்றுகிறவர் ஒத்துழையாதவர். மெடிகேர் விதிப்படி, முதல் மூன்று மாதத்தில் ஏதேனும் தொடர்ச்சியான 30 நாளில் 70 விழுக்காடு இரவுகளிலாவது நான்கு மணி நேரம் போட்டதாகக் கருவியே சாட்சி சொன்னால்தான் காப்பீடு தொடரும்.

தூக்கமின்மைத் துறையில் அமைதியாக நடந்த ஒரு வேலையையும் இங்கே சேர்க்கலாம். 2012-இல் வெளிவந்த பொது உறக்க நாட்குறிப்புப் படிவத்தை வல்லுநர்கள் வரைந்த பிறகு, தூக்கமின்மை உள்ளவர்கள், மூச்சுத்தடை உள்ளவர்கள், நன்றாகத் தூங்குகிறவர்கள் என்று தனித்தனிக் குழுக்களிடம் காட்டி, கேள்விகள் புரிகின்றனவா என்று சரிபார்த்தார்கள். விளம்பரமில்லாத வேலை. ஆனால் அளவீட்டின் உள்ளே கைவைத்த வேலை.

6. கூட்டத்துக்கு வராதவர்கள்

மக்கள் பங்கேற்பை ஆதரிக்கிறவர்கள் எதிர்கொள்ள வேண்டிய வலுவான ஆட்சேபம், வருகிறவர்கள் யார் என்பது. விஸ்கான்சின் மாநிலத்தில் 30 முதல் 60 வயது வரையிலான வேலைபார்ப்போரிடையே நடந்த, 1993-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வில், ஆண்களில் 24 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 9 விழுக்காட்டினருக்கும் குறியீடு ஐந்தோ அதற்கு மேலோ இருந்தது. பகல்தூக்கமும் சேர்ந்திருந்தவர்கள் முறையே 4, 2 விழுக்காடு. பெரும்பாலோருக்குத் தங்களிடம் நோய் இருப்பதே தெரியாது. தெரியாதவர் நோயாளர் சங்கத்தில் சேரமாட்டார். 2013-இல் அமெரிக்க நோயாளர்மைய ஆய்வு நிதியத்தின் ஆதரவோடு தொடங்கி ‘மைஅப்னியா’ என்று பெயர் பெற்ற முயற்சி, நோயாளிகளையும் ஆய்வாளர்களையும் ஒரே நிர்வாகக் குழுவில் உட்காரவைத்தது. நான் அறிந்தவற்றில் நேர்மையான ஏற்பாடு அது. அதற்கும் இந்த எல்லை உண்டு: கண்டறியப்பட்டவரும் இணைய வசதி உள்ளவரும்தான் உள்ளே வரமுடியும்.

இன்னொரு கூட்டத்தினர் இருக்கிறார்கள். உடலின் கடிகாரமே பல மணி நேரம் பின்தங்கி ஓடும் கோளாறு உள்ளவர்கள் அதிகாலை மூன்றுக்குத் தூங்கி நண்பகலை ஒட்டி எழுகிறவர்கள். அவர்களுடைய நலனைப் பேசும் கூட்டத்தையும் காலை எட்டரைக்கே தொடங்கும் வழக்கம் நமக்கு. ஆய்வாளர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், நேரத்தை மாற்றுவதில்லை.

பணம் அடுத்தது. உறக்க நோயாளர் சங்கங்கள் பலவற்றுக்கு மருந்து, கருவி நிறுவனங்களின் நிதி வருகிறது. இதைச் சொன்னவுடன் சங்கங்களின் நேர்மையைச் சந்தேகிப்பதாக நினைக்க வேண்டியதில்லை. நிதி வருகிற திசையில் கேள்விகள் சாய்வது இயல்பு. எது விற்கப்படக்கூடியதோ அதைப் பற்றிய கோரிக்கை சத்தமாகக் கேட்கும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், ஒலியடக்கும் நுரைப்பொருள் சிதைவதாகச் சொல்லித் தன் சி-பாப் கருவிகளைத் திரும்ப அழைத்தது. உலகெங்கும் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள். புதிய கருவி வரும்வரை பழையதைப் போடலாமா, சில மாதம் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நோயாளிகள் கேட்டார்கள். இந்த எளிய கேள்விகளுக்கு அறிவியல் அடுக்கிவைத்திருந்த விடை மிகக் கொஞ்சம். இவ்வளவு ஆண்டுத் திட்டங்களில் அந்தக் கேள்வியை எழுப்ப யாருக்கும் ஆதாயம் இல்லை.

பக்கத்தில் படுத்திருப்பவரை மறக்கக் கூடாது. கனவில் வருவதை உடல் அப்படியே நடித்துக்காட்டும் கோளாறை 1986-இல் மினசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க்கும் மார்க் மாஹோவால்டும் முதன்முதலாக விவரித்தார்கள். கனவில் எதிரியைக் குத்துகிறவரின் அடி விழுவது மனைவியின் மேல். இந்நோயில் முதல் தகவல் தருகிறவர் பெரும்பாலும் அவரே. பின்னர் வந்த ஆய்வுகள் இதன் முகத்தையே மாற்றிவிட்டன. 24 மையங்களில் 1,280 பேரைத் தொடர்ந்து, 2019-இல் வெளியான ஆய்வின்படி, ஆண்டுக்குச் சுமார் 6 விழுக்காட்டினர் பார்க்கின்சன் அல்லது அதையொத்த மறதிநோய்க்கு ஆளாகிறார்கள். 12 ஆண்டு முடிவில் இது 73.5 விழுக்காடு என்று மதிப்பிடப்படுகிறது. தடுக்க மருந்து இன்றைக்கு இல்லை. இரவில் கைகால் வீசுவதற்கு மருந்து வாங்க வந்தவரிடம் இதைச் சொல்வதா, எப்போது, மனைவியை வைத்துக்கொண்டா? தடுப்பு மருந்துச் சோதனைகளுக்கு இவர்களே பொருத்தமானவர்கள் என்பதால் உலகெங்கும் பதிவேடுகள் தயாராகின்றன. பதிவேட்டில் பெயர் எழுதும் கணத்திலேயே செய்தி சொல்லப்பட்டாக வேண்டும். மக்களைக் கேட்காமல் திட்டமிடவே கூடாத ஆய்வு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

7. இந்தியப் பக்கம்

‘சேவ்’ போன்ற சோதனைகளில் இந்திய மையங்களும் பங்கெடுப்பதால் இந்தக் கேள்வி நமக்கு வெளியூர்ச் செய்தி அல்ல. இந்தியாவின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகள் 2019, ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் பொதுமக்களில் ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆனால் குழுவின் மேசைக்கு வருவது முழுதாக எழுதி முடித்த திட்டம். அங்கே அந்த ஒருவர் கேட்கக்கூடியவை ஒப்புதல் படிவம் புரிகிறதா, இழப்பீடு உண்டா, ஆபத்து எவ்வளவு என்பவை. எதை அளப்பது என்பது பல மாதம் முன்பே, பெரும்பாலும் வேறொரு நாட்டில், முடிவாகியிருக்கும்.

பகல்தூக்கத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் எப்வொர்த் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மறே ஜான்ஸ் 1991-இல் வெளியிட்டது. எட்டு நிலைமைகள், ஒவ்வொன்றிலும் கண்ணயரும் வாய்ப்புக்கு பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 24. எளிமையான, பயனுள்ள படிவம். ‘சேவ்’ சோதனையில் 15-ஐத் தாண்டியவர்களை வெளியே வைத்ததும் இதன் கணக்கில்தான். நிலைமைகளில் ஒன்று, ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடும் காரில் பயணியாக உட்கார்ந்திருப்பது. இன்னொன்று, போக்குவரத்து நெரிசலில் காரை நிறுத்திக் காத்திருப்பது. மற்றொன்று, மது இல்லாத மதிய உணவுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருப்பது.

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குத் தினமும் பேருந்தில் நின்றபடியே வேலைக்குப் போகும் ஒருவர் இந்தக் காகிதத்தை நிரப்பும்போது என்ன எழுதுவார்? கார் கேள்விகள் இரண்டையும் ‘பொருந்தாது’ என்று விட்டுவிடுவார், அல்லது கற்பனையில் பூஜ்ஜியம் போடுவார். மதுக் கேள்விக்கு முன்னால் பேனா ஒரு கணம் நிற்கும், தன்னைக் குடிகாரராக நினைக்கிறார்களோ என்று. வீட்டில் கடைசியாகப் படுத்து முதலில் எழும் பெண்ணுக்கு, வசதிப்பட்டால் பிற்பகலில் சற்றுப் படுப்பது என்ற நிலைமையும் கற்பனைதான். இப்படிச் சேரும் பூஜ்ஜியங்களால் மொத்தம் தாழ்கிறது. தூக்கம் வழியும் ஒருவர் காகிதத்தில் விழித்திருப்பவராகிறார். ஒரு சோதனையில் அதனால் உள்ளே வருவார், இன்னொன்றில் அதனாலேயே வெளியே நிற்பார். பேருந்துக் கம்பியைப் பிடித்தபடி தூங்கிப்போவது, இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் கண் சொக்குவது, அடுப்பில் பால் பொங்கி வழியும்போது நின்றபடியே அயர்ந்திருப்பது போன்றவற்றைப் படிவத்தில் சேர்க்கச் சொல்லும் வாய்ப்பு இந்த மக்களுக்குக் கிடைக்க வேண்டிய இடம் அளவீட்டைத் தேர்ந்தெடுக்கும் முதல் கூட்டம். நம் விதிகள் அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி எதையும் போடச் சொல்லவில்லை, போடக் கூடாது என்றும் சொல்லவில்லை.